தோளுக்கு இறங்கிய ஒயின்

தக்கையில் ஊசி குத்தின ஓட்டை எத்தனை சின்னதாக இருந்தால் என்ன, ஓட்டை ஓட்டைதானே, இன்றைக்கு அது தெரிந்துவிடும், அந்த வெள்ளைக் கோட்டுப் பெண் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப்போகிறாள், ஐயா, உங்க பாட்டில்ல எவனோ கை வெச்சிருக்கான் என்று எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறாள், அப்போது அவன் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்கவேண்டும்... அதற்காகத்தான் லாரிக்காரர் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, சட்டைக்குக் கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு, பாட்டிலை மனைவியின் பழைய கம்பளிச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஒயின் ஆலையின் இந்தக் கூடத்துக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டுவதை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பேர் மட்டும் விடவில்லை. படுக்கப்போட்டுக் கொண்டுவராதீங்க, அடியில இருக்கற கசண்டு கலங்கிடும், நிமிர்த்தியே கொண்டுவாங்க என்று ஆலைக்காரர்கள் சொல்லிவிட்டிருந்ததால் பஸ்ஸில் வழி நெடுக மடியில் நிறுத்திப் பிடித்தபடியே வந்திருந்தார், பிள்ளைத்தாச்சி வயிற்றைப் பிடிப்பதுபோல, ஒரு விடலைப் பயல் பார்த்துச் சிரித்தான், சிரிக்கட்டும், உள்ளே இருப்பது என்னவென்று அவனுக்கு என்ன தெரியும், அந்த வருஷத்து ஒயின் என்றால் அவன் முதலாளியின் முதலாளியே எழுந்து நிற்பான்.

அந்த வருஷம். இப்போது எல்லாரும் பேசுகிறார்கள், அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை, அப்படியொரு வருஷம், அப்படியொரு சிவப்பு ஒயின் என்று, அப்போது பிறந்தேயிராத பயல்கள்கூடப் பேப்பரில் எழுதுகிறார்கள்... பழத்தைச் சுமந்தது யார், இவனுங்களா? பூக்கிற நேரத்தில் குளிர் அடித்துப் பாதிப் பூ உதிர்ந்துபோனது, கோடை முழுக்கச் சொட்டு மழை இல்லை, பகலெல்லாம் கொளுத்தும், ராத்திரியானால் போர்வை தேடும், கொடிகளில் தொங்கிய திராட்சையெல்லாம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, தோல் செருப்புத் தோல். பெரிய முதலாளி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், இந்தக் கோலிக்குண்டை வெச்சு என்ன பண்றது என்று. பழம் பழுத்து நிற்கிற நேரம் பார்த்து வானம் கறுத்தது, பெருமழை வருகிறது என்று ரேடியோவில் சொன்னான், அவ்வளவுதான், ஊரே கத்திரிக்கோலைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் இறங்கியது, வாத்தியார் இறங்கினார், சவரக்கடைக்காரர் கடையை இழுத்து மூடிவிட்டு இறங்கினார், கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் மாடுகளை அம்போவென்று விட்டுவிட்டு இறங்கினான், இவர் லாரி ஓயவேயில்லை, கடைசி நடை ஆலை வாசலில் நுழைந்ததும் முதல் சொட்டு முன்கண்ணாடியில் பட்டென்று விழுந்தது, இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தச் சொட்டு தெரியும், அரை விநாடி தாமதித்திருந்தால் உங்கள் பேப்பரும் இல்லை, பேச்சும் இல்லை. அதை எவன் எழுதினான்?

பீப்பாயில் கிடந்து, பாட்டிலுக்கு வந்த பிறகு, அன்றைக்குத் தோட்டத்தில் இறங்கின ஒவ்வொரு வீட்டுக்கும் பெரிய முதலாளி ஒரு பாட்டில் கொடுத்தார். இப்பத் திறக்காதீங்கப்பா, நாக்கைக் கடிச்சிரும், உங்களுக்கும் வயசாகட்டும், அதுக்கும் வயசாகட்டும் என்றார். யார் கேட்டார்கள், முக்கால்வாசிப் பேர் அந்த வாரமே திறந்துவிட்டு, தூ, மையைக் கரைச்சு ஊத்தின மாதிரில்ல இருக்கு, வேலை வாங்கிட்டு விஷத்தைக் குடுத்துட்டான் பாவி என்று மண்ணில் கொட்டினார்கள். லாரிக்காரர் திறக்கவில்லை. முதலாளி பேச்சில் நம்பிக்கை வந்து அல்ல, எந்த முதலாளி பேச்சையும் அவர் நம்பியதில்லை, அந்தக் கடைசி நடை தன்னுடையது என்பதால் வைத்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில், பழைய போர்வைக்கு நடுவில், தக்கை காயாமல் இருக்கப் படுக்கவைத்து, வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கு எப்போதாவது எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார், கழுத்து வரைக்கும் நிற்கும், தளும்பத் தளும்ப, ரத்தினம்போல, பார்த்துக்கோ, தொடாதே.

கூடத்துக் கதவு திறந்தது. வந்தான். வருவான் என்று தெரியும், அவனிடமும் ஒன்று இருக்கிறதே, அதே கம்பவுண்டர்தான், மனைவியின் தம்பி, மச்சினன், இவர் மனசுக்குள் வைத்திருந்த பேர் சிரிஞ்சு. தலை முழுக்க நரைத்து, தோள் இரண்டும் இறங்கி, துணிப்பையில் பாட்டிலை வைத்து நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தவன் இவரைப் பார்த்தான், நின்றான், லேசாகத் தலையை அசைத்தான், இவர் சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவன் முன்வரிசையில் போய் உட்கார்ந்தான். என்ன தைரியம்! திருடனுக்கு வேறு இடம் கிடைக்காமல் நீதிமன்றத்துக்கே வந்து உட்கார்ந்த மாதிரி...

திருட்டுத்தான், வேறென்ன சொல்வது. பெண்டாட்டி செத்து, காலும் ஒடிந்து கிடக்கிறானே என்று வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார், மனிதன் இல்லையா, மனைவிக்குத் தம்பி இல்லையா, மாடிப்படிக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தார், ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தான், அக்காவும் தம்பியும் அடுப்படியில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிப் பேசிச் சிரிப்பார்கள், இவர் உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும். கால் தேறி அவன் கிளம்பிப் போனான். அப்புறம் ஒருநாள் டயர் கடைக்காரர் வந்திருந்தபோது பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கினால்... கழுத்தில் நின்றது தோளுக்கு வந்திருந்தது! மூடி அப்படியே இருக்கிறது, முத்திரைத் தாள் கிழியவில்லை, தக்கை அசையவில்லை, உள்ளே இருந்தது மட்டும் ஒரு மடக்குக் குறைந்திருக்கிறது. எங்கே போகும்? கால் முளைத்துப் போகுமா? மாட்டுக்கு ஊசி போடுகிறவன், விரல் நீளத்துக்கு ஊசி வைத்திருக்கிறவன், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குளிர்காலம் முழுக்கப் படுத்துக்கிடந்தவன், இதற்கு மேலே சாட்சி வேறு வேண்டுமா, அன்றைக்கே பஸ் ஏறிப்போய் ஆஸ்பத்திரி வாசலில், மாட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டார், என் ஒயினை ஊசி போட்டு உறிஞ்சினியாடா? அவன் கையில் சிரிஞ்சோடு வெளியே வந்தான், அதுவே போதாதா, முதலில் சிரித்தான், அப்புறம் அத்தான், நெசமாத்தான் கேக்கறீங்களா என்றான், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவே இல்லை! செய்யாதவன் குதிக்கமாட்டானா, சத்தியம் செய்யமாட்டானா? அன்றைக்கு அறுந்த உறவுதான். வீட்டுப்படி ஏறக்கூடாது என்றார், ஏறவில்லை. மனைவி அழுதாள், பிறகு அழவில்லை, பிறகு தம்பி என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவில்லை, அந்த எடுக்காதது இருக்கிறதே, அதுதான் இவரைக் குடைந்தது, வாயைத் திறந்து சண்டை போட்டாலாவது இரண்டு பேச்சு பேசலாம்.

இன்றைக்குக் காலையில்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். ஆலைக்காரர்கள் சொல்லிவிட்டிருந்தார்கள் அல்லவா, அந்த வருஷத்துத் தக்கைகளுக்கு வயசாகிவிட்டது, இனிமேல் தாங்காது, வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், திறந்து ஒரு வாய் பார்ப்போம், நன்றாக இருந்தால் அதே வருஷத்து ஒயினை ஊற்றிக் கழுத்து வரைக்கும் நிரப்பி, புதுத் தக்கை போட்டு, ஆலை முத்திரை வைத்துக் கொடுப்போம் என்று. தக்கையைப் பிடுங்கினால் ஓட்டை தெரியுமே என்று இவர் குதித்த குதியைப் பார்த்துக்கொண்டே மனைவி சால்வையை மடித்துக் கொடுத்தாள். "போயிட்டு வாங்க. அவன் குடிச்சான்னு தெரிஞ்சா இனி நான் அவன் பேச்சே எடுக்கல. குடிக்கலன்னு தெரிஞ்சா?" இதென்ன கேள்வி, குடிக்காமல் எப்படி... "தெரிஞ்சா கையோட கூட்டிட்டு வாங்க. அவனுக்கும் சேர்த்துத்தான் சமைக்கப்போறேன்." அப்படியென்றால் என்ன அர்த்தம், முன்கூட்டியே தீர்ப்பு எழுதியாகிவிட்டதா, இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு புருஷன் பேச்சுக்கு இல்லாத மதிப்பு அந்தச் சிரிஞ்சு பேசாமலிருந்ததற்கு இருக்கிறதா... செருப்பை மாட்டிக்கொண்டு பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

பக்கத்து நாற்காலிச் சவரக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார், இவரோடு சரிக்குச் சரி வயசு, கை நடுங்குகிறது, இப்போது யாரும் அவரிடம் சவரம் செய்துகொள்வதில்லை, மரியாதைக்கு ஒரு வணக்கத்தோடு சரி. "என்ன லாரிக்காரரே, சால்வையெல்லாம் போர்த்திக் கூட்டிட்டு வந்திருக்கீரு, குளிர் ஜுரமா அதுக்கு?" பெரிய நகைச்சுவை. அவர் தன்னுடையதை நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கினார், "என்னோடதப் பாரும், என்னை மாதிரியே இறங்கிப்போச்சு" என்றார். லாரிக்காரர் பார்த்தார். தோளுக்கு இறங்கியிருந்தது. முதலில் அவருக்குத் தோன்றியது என்னவென்றால்... இவர் வீட்டுக்கும் போயிருக்கிறானா அவன்? மாடு வைத்திருந்தாரே இவர், கன்று போட்டபோது ஊசி போட வந்திருப்பான், வந்த கையோடு... சே, பாவி, ஊர் முழுக்கவா! அதே நேரத்தில் முன்வரிசையில் சிரிஞ்சு துணிப்பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து முழங்காலில் வைத்தான், வெளிச்சம் அதற்குள் பாய்ந்து வந்தது, அதில் தோளுக்கும் கீழே, நன்றாகக் கீழே, இவருடையதைவிட இரண்டு மடக்குக் குறைவு. பார்த்தீர்களா, தன் பாட்டிலையே விட்டுவைக்கவில்லை, தன் வீட்டிலேயே திருடித் தின்கிறவனை என்னவென்று சொல்வது... என்று நினைத்தார், நினைத்த வேகத்திலேயே அந்த நினைப்பு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது, டயரில் காற்று இறங்கின வண்டி மாதிரி. தன் பாட்டிலுக்கு எதற்கு ஊசி? திறந்தே குடித்திருக்கலாமே?

முன்னால் இருந்த மேஜையில் வெள்ளைக் கோட்டுப் பெண் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள், இவருடைய கடைசிப் பேத்தி வயசுதான் இருக்கும், இவளுக்கா அந்த வருஷம் தெரியும். நிரப்புவதற்கென்று ஆலையே தன் நிலவறையில் ஒரு பெரிய பாட்டில் வைத்திருந்ததாம், காலையில் திறந்து பார்த்தால் ஈரச் சாக்கு நாற்றமாம், தக்கை கெட்டு உள்ளே இருந்ததையும் கெடுத்துவிட்டதாம், கொட்டியாகிவிட்டது. அதைச் சுற்றிவளைத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அப்படியென்றால் எதை ஊற்றி நிரப்புவார்கள்? "மொதல்ல ருசி பார்த்துடலாம், அப்புறம் யோசிப்போம்" என்றாள். அப்புறம் யோசிப்பதாமே! லாரிக்காரர் எழுந்தார், யாரும் கூப்பிடவில்லை, எழுந்து போய்ச் சால்வையை அவிழ்த்து மேஜை மேல் டக்கென்று வைத்தார், "தக்கையை உடைக்காம எடுக்கணும். பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கணும். ஊசி ஓட்டை இருக்கா இல்லையா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும்."

முன்வரிசை முதுகு அசையவில்லை. அவள் இரண்டு தகடு வைத்த ஒரு கருவியைத் தக்கையின் இரு பக்கமும் நுழைத்து, அசைத்து அசைத்து, பல் பிடுங்குவதுபோல மெதுவாக இழுத்தாள், தக்கை முழுசாக வந்தது, அடிப்பாகம் கறுத்து, மேலே பாதிக்கு மேல் சிவப்பு ஏறியிருந்தது. கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஓட்டை எதுவும் இல்லைங்க ஐயா." நன்றாகப் பாரும்மா. "பார்த்துட்டேன். தக்கைன்னா மூச்சு விடும். அது வழியா வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போகும். இந்த வயசுப் பாட்டில் எல்லாமே இப்படித்தான் இறங்கியிருக்கும்." ஊசி ஓட்டை நாளடைவில் மூடிக்கொள்ளாதா? "மூடிக்காதுங்க. அதோட, உள்ள காத்து போகாம அவ்வளவை ஊசியில உறிஞ்சவும் முடியாது." யாரோ சிரித்தார்கள், சவரக்கடைக்காரர்தான், லாரிக்காரர் திரும்பி முறைத்தார். ஆவியாமே, ஆவி, மூச்சாமே... கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் தலையில் பழியைப் போட்டால் யார் போய்க் கேட்பது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், ஆலைக்காரனின் தக்கை ஒழுகியிருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளாமல் மூச்சு என்கிறாள், அப்படியானால் குற்றவாளி இந்தக் கம்பெனிதான், பெரிய முதலாளிதான், வயசாகட்டும் வயசாகட்டும் என்று சொன்னாரே, ஆகிக்கொண்டே தேய்ந்துபோகும் என்று சொன்னாரா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்... சொல்லியிருந்தால் என்ன? அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போக அவருக்குப் பிடிக்கவில்லை.

அவள் ஒரு மெல்லிய கண்ணாடிக் கோப்பையில் துளி ஊற்றினாள். செங்கல் நிறம், ஓரத்தில் மட்டும் வெயில் சாயும் நேரத்து வானம்போல. மோந்தாள். கண்ணை மூடினாள். காலையிலிருந்து ஆலையின் வேறு வருஷத்து ஒயினையெல்லாம் வாயில் வைத்துக் கொப்பளித்துப் பக்கத்து வாளியில் துப்பிக்கொண்டிருந்தவள், இதைத் துப்பவில்லை, விழுங்கிவிட்டாள். விழுங்கிவிட்டுச் சிவந்துபோய், "மன்னிச்சிருங்க, துப்ப மனசு வரல" என்றாள். லாரிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது, யார் வீட்டு ஒயின், யார் ஓட்டின லாரி, நாக்கில் ஒரு சொட்டு வைக்காமல் பொத்திப் பொத்தி வைத்ததை நேற்றுப் பிறந்தது முதல் வாய் குடித்துவிட்டு மன்னிப்பாம்! "எப்படி இருக்கு?" என்று வேறு கேட்டுவிட்டார், குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. அவள் சொல் தேடினாள், படித்த பெண், என்னென்னவோ வைத்திருப்பாள், பூ என்பாள், பழம் என்பாள், மரம் என்பாள் என்று காத்திருந்தால், "கோவமே இல்லைங்க ஐயா இதுல" என்றாள். "இளசுல ரொம்பக் கோவமா இருந்திருக்கும். இப்ப எல்லாம் அடங்கி, ஆனா பலம் போகல. இன்னும் இருபது வருஷம் தாங்கும்." இருபது வருஷம்! யாருக்கு? யாரைக் கிண்டல் செய்கிறாள் இவள்?

ஆனால் தாங்குவதற்கு நிரப்பவேண்டும், இப்படியே தக்கை போட்டால் உள்ளே புகுந்த காற்று இரண்டே நாளில் காடியாக்கிவிடும், வேறு வருஷத்து ஒயினை ஊற்றினால் அது அந்த வருஷமில்லை, முத்திரை வைக்கமுடியாது. "யாராவது ஒருத்தர் தன்னோட பாட்டிலைக் குடுத்தா, அதை வெச்சு மத்ததையெல்லாம் நிரப்பிடலாம். கேக்கவே சங்கடமாத்தான் இருக்கு..." யார் கொடுப்பார்கள், ஒவ்வொருத்தனும் பாட்டிலைக் கைக்குழந்தையைப் போல உள்ளே இழுத்துக்கொண்டான், சவரக்கடைக்காரர் தன்னுடையதை நாற்காலிக்கு அடியிலேயே தள்ளிவிட்டார், லாரிக்காரருடைய பாட்டில் மட்டும் மேஜை மேல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அப்போது முன்வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. எழுந்தான். நொண்டும் அந்தக் காலை இழுத்துக்கொண்டு வந்தான். "என்னோடத எடுத்துக்கோம்மா" என்றான். அவள் அதையும் திறந்தாள், மோந்தாள், ஒரு துளி, தலையசைத்தாள், அவ்வளவு இறங்கியும் கெடவில்லை. "இதை மொதல்ல நிரப்பும்மா, ரொம்ப நேரமாத் தெறந்தே இருக்கு" என்று இவர் பாட்டிலைக் காட்டினான்.

"வேண்டாம்" என்றார் லாரிக்காரர். "அவனோடது ஒண்ணும் என்னோடதுக்குள்ள வேண்டாம்."

"காடியாப் போகும் அத்தான்."

"போகட்டும். நான் உங்கிட்டக் கேட்டேனா?"

"நீங்க எப்பக் கேட்டீங்க. கேட்டதெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்லதான்." அவன் சிரிக்கவில்லை. "அக்காவும்தான் அன்னிக்குப் பழம் பறிச்சா. வீட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்தாங்க. பாதி அவளோடது. அவ பாதியை நிரப்பிக்கறேன், உங்க பாதி காடியாப் போகட்டும், சரியா?"

பின்வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அந்தப் பெண் ஊற்ற ஆரம்பித்துவிட்டாள், கண்ணாடிப் புனல் வழியாக, நூல்போல, அவனுடையது இவருடையதற்குள். பார்த்துக்கொண்டே நின்றார். எந்த ஒரு மடக்கை அவன் குடித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாரோ அதே மடக்கு, அவன் கையாலேயே, கொஞ்சங்கூடக் கூடக்குறைய இல்லாமல்... இது தர்மமா, அவமானமா? இவன் வேண்டுமென்றே செய்கிறான், ஊரறிய என்னைக் கடனாளியாக்குகிறான், இவ்வளவு நாள் பேசாமலிருந்தது இந்த ஒரு நாளுக்காகத்தான். அப்படித்தான் இருக்கவேண்டும். அப்படி இல்லாவிட்டால்...

"உன்னோடது இறங்கிப்போச்சுன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்றார், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

"அதுவா, ரொம்ப வருஷமாச்சு."

"தெரிஞ்சும் ஏன்டா வந்து காட்டல? எடுத்துட்டு வந்து, இந்தாரும், என்னோடதும்தான் இறங்கியிருக்குன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஏன் காட்டல?"

"வந்தேனே. படி ஏறக்கூடாதுன்னீங்க, ஏறல. கேட்டுக்கு வெளிய நின்னு கூப்பிட்டேன். நாயை அவுத்து விட்டீங்க."

அது உண்மைதான், நாயை அவிழ்த்துவிட்டது உண்மை, கையில் ஏதோ துணிப்பை இருந்ததும் ஞாபகம் வந்தது, துணிப்பையா, இதே பையா? நாய் கடிக்கிற நாய்கூட இல்லை, அவனைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டுதான் ஓடியது, அதற்காக அந்த நாயை வேறு உதைத்தார். "சரி, இறங்கினதப் பார்த்தப்ப நீ என்ன நெனச்சே? யார் குடிச்சான்னு நெனச்சே?" எப்படியாவது அவனும் ஒருத்தனைச் சந்தேகப்பட்டிருக்கவேண்டும், யாரையாவது, வேலைக்காரியை, பக்கத்து வீட்டுக்காரனை, இவரையே கூட, அப்படியிருந்தால் சரிக்குச் சரி ஆகிவிடும், மனுஷன் என்றால் அப்படித்தானே நினைப்பான்.

அவன் துணிப்பையை நீவி மடித்தான். "என்ன நெனக்கிறது அத்தான். சந்தேகப்பட வீட்ல ஆளில்லையே" என்றான்.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நிற்க லாரிக்காரருக்கு முடியவில்லை, புதுத் தக்கையை அடித்து இறக்கி மெழுகு முத்திரை வைத்துக் கொடுத்ததை வாங்கிச் சால்வையில் சுற்றினார், அந்தப் பெண் ஏதோ சொன்னாள், படுக்கவே வெச்சிருங்க என்றோ என்னவோ, காதில் விழவில்லை, சவரக்கடைக்காரர் தன் பாட்டிலோடு முந்திக்கொண்டு மேஜைக்குப் போனார், எனக்கும் ஊத்தும்மா, எனக்கும் ஊத்து என்று. தெருவில் வெயில். சுவரோரம் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது, யாரோ ஒரு பெண் மாடி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள், பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். என்ன பேச்சு அது, சந்தேகப்பட ஆளில்லையாம்... அதைச் சொல்லி என்னை அழவைக்கலாம் என்று பார்க்கிறானா, பெண்டாட்டி செத்தவன் உலகத்தில் அவன் ஒருத்தனா, வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டியதுதானே, யார் வேண்டாம் என்றது, தனியாகப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஓகோ, இறங்கியிருக்கிறது என்று மறுபடி வைத்துவிட்டுப் படுக்கப்போகச் சொன்னது யார்? நானா? நான் ஒரு குளிர்காலம் வைத்துச் சோறு போட்டவன். குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்களே இரண்டு பேரும், நான் போனால் நிறுத்திவிடுவார்களே, அது என்ன சிரிப்பு என்று ஒரு நாளாவது என்னிடம் சொன்னார்களா? அதைக் கேட்பார் இல்லை... அது எதற்கு இப்போது நினைவுக்கு வருகிறது, ஒயினைப் பற்றி அல்லவா பேச்சு.

பெஞ்சின் அந்தக் கோடியில் சிரிஞ்சு வந்து உட்கார்ந்தான். எல்லாப் பாட்டிலுக்கும் ஊற்றி முடித்துவிட்டார்கள்போல, துணிப்பை இப்போது தொளதொளவென்று தொங்கியது, காலிப் பாட்டிலை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறான், கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸுக்குத்தான் காத்திருந்தார்கள், அவன் வீடு இவர் வீட்டைத் தாண்டித்தான். செல்போன் அடித்தது. மனைவி. "என்னங்க ஆச்சு?" ஓட்டை இல்லையாம் என்றார். மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. "பக்கத்துல இருக்கானா?" பஸ் வருது என்று வைத்துவிட்டார். பஸ் வரவில்லை. சும்மா சொன்னார். வந்தால் என்ன சொல்வது, வாடா என்பதா, அப்படி ஒரு சொல் எடுத்ததும் வந்துவிடுமா, துருப்பிடித்த கியர் அல்லவா அது, நாலு தடவை முன்னும் பின்னும் ஆட்டினால்தானே விழும். அவள் அங்கே மூன்று தட்டு வைத்திருப்பாள். வைக்கட்டும். யார் வைக்கச் சொன்னது?

அப்புறம் நிஜமாகவே பஸ் வந்தது. உயரமான படி, இப்போதெல்லாம் வேண்டுமென்றே உயரமாக வைக்கிறான்கள், ஒரு காலத்தில் ஒரே தாவலில் லாரியில் ஏறினவர், இப்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தால்தான் உடம்பு மேலே போகும், இரண்டு கையிலும் பாட்டில் இருந்தது. காலையில் வீட்டு வாசலில் ஏறும்போது மனைவி பின்னாலேயே வந்து பாட்டிலைப் பிடித்துக் கொடுத்தாள், இறங்கும்போது அந்தச் சிரித்த பயல் பிடித்தான். இங்கே யாரும் இல்லை. டிரைவர் ஹாரனை அடித்தான், "பெரியவரே, ஏறுறதுன்னா ஏறுங்க." இவனுக்கு வேறு அவசரம், நானும் டிரைவர்தானடா! பக்கத்தில் ஒரு கை நீண்டிருந்தது. எலும்பும் நரம்புமாக, விரல் நுனியில் ஒயின் கறையோடு. சிரிஞ்சினுடையது. லாரிக்காரர் கொடுத்தார். வேறென்ன செய்வது, தரையிலா வைப்பது? கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து, முனகி, ஒரு படி, இன்னொரு படி, முதல் சீட்டிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பின்னாலேயே அவன் ஏறி வந்தான், நொண்டிக்கொண்டு, பாட்டிலை நிமிர்த்திப் பிடித்தபடி, பக்கத்தில் இடம் இருந்தது, நின்றுகொண்டே இருந்தான். "உட்காரேன், யாரு வேண்டாம்னா" என்றார் லாரிக்காரர், கோபமாகத்தான் சொன்னார். உட்கார்ந்தான். பாட்டிலை அவர் மடியில் வைத்தான். பஸ் குலுங்கிக் கிளம்பியது, சால்வை சரிந்தது, ஜன்னல் வெயில் பாட்டிலுக்குள் புகுந்து செங்கல் நிறத்தில் அவர் கை மேல் விழுந்தது, அப்போது அவர் கண்... அவர் ஒன்றும் நினைக்கவில்லை, சத்தியமாக ஒன்றும் நினைக்கவில்லை, கண் தானாகப் போனது, நேரே பாட்டிலின் கழுத்துக்குப் போய், ஒயின் எங்கே நிற்கிறது என்று பார்த்தது. கழுத்தில்தான் நின்றது, தளும்பத் தளும்ப. நிமிர்ந்தார். அவன் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணையா, கழுத்தையா, தெரியவில்லை, பிறகு மெதுவாக எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டான், சிரித்தானா என்றும் தெரியவில்லை, லாரிக்காரர் சால்வையை இழுத்துப் பாட்டிலைக் கழுத்து வரைக்கும் மூடினார், மூடின பிறகும் கண் அங்கேயேதான் இருந்தது, என்ன கண் இது, யார் பழக்கின கண், இதை எங்கே கொண்டுபோய்...